ஒரு சொட்டும் தர மாட்டேன்

என் இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பன்னிரண்டு வயதில், நெல் அறுப்பில் தூசி விழுந்து அது சிவந்தபோது, எதிர்வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சமிருந்த சொட்டு மருந்தை அம்மா கேட்டு வாங்கிவந்து என் கண்ணில் விட்டாள். அவர்களும் மனதாரக் கொடுத்தார்கள். சில நாளில் கருவிழியில் வெள்ளை விழுந்தது. பழைய பாட்டிலில் சேர்ந்திருந்த கிருமியும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கடத்திய நாட்களும் சேர்ந்து செய்த வேலை என்று பிறகு சொன்னார்கள். இதில் யாரையும் திட்ட முடியாது என்பதுதான் இன்றுவரை என் ஆத்திரம். எல்லாரும் நல்லவர்கள், கண் மட்டும் போய்விட்டது.

போன சித்திரையில் ஒரு காலை, இருக்கிற அந்த ஒரே கண்ணும் பூளை கட்டி ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை.  வீட்டில் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள். நான் எதையும் காதில் வாங்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு மரக்காணம் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, இது கிருமியால் வந்தது என்று ஒரு சொட்டு மருந்து எழுதினார். ஒரு நாளைக்கு நாலு வேளை, ஏழு நாள். இரண்டாம் நாளே தெளிந்தாலும் நிறுத்தக்கூடாது. பாட்டில் மூக்கு இமையிலோ விரலிலோ படக்கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பாட்டிலைத் தொடவே கூடாது. பூளை நிற்கிறவரை வேலைக்குப் போகாதே என்றார். கடைசியாக, "இது உனக்கு மட்டும்தான்மா. புருஷன் கேட்டாலும் தராதே, மிச்சத்தக் கொட்டிடு" என்றார். அதை அவர் சொல்லியே இருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் கண் தெளிந்துவிட்டது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு ஊத்திக்கினு இருக்க?" என்றார் வீட்டுக்காரர். "ஏழு நாள்னா ஏழு நாள்தான்" என்றேன். ஐந்தாம் நாள் ஒரு கேன் நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன். மதியம் கொட்டகையில் சொட்டு விடுமுன் நான் கை கழுவுவதைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி உப்புப் பாத்தியில் நின்ற தண்ணீரைக் காட்டி, "இந்தத் தண்ணிய விட மருந்து இன்னா இருக்குது? உப்புல எந்தக் கிருமி நிக்கும்?" என்றார்.

"மொதல்ல நீங்க ரெண்டு கை அள்ளி உங்க கண்ணுல ஊத்திக்குங்க, அப்புறம் நான் ஊத்திக்கிறேன்" என்றேன். அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்து வந்ததுதான் கஷ்டம். பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்து என் தலைக்குக் கூடை தூக்கிவிடுகிற அக்காவுக்கு அன்று காலையிலிருந்து ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது. உப்புக் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. கூடவே ஒருத்தி பிடிக்க வேண்டும். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து, "ஒரு சொட்டு விடுடி" என்று கண்ணைக் காட்டினாள். என் சோற்றில் கைவைக்கிற உரிமை எப்படியோ அப்படி.

நான் பாட்டிலை மூடினேன். "தர மாட்டேன்க்கா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட்டினு போறேன்."

 "என் சோத்துல துன்னவடி நீ" என்றாள் அக்கா. "ஒரு சொட்டு. உன் உசுரையா கேட்டேன்?"

கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டாள். பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்று மதியத்துக்கு மேல் என் கூடையை யாரும் பிடிக்கவில்லை. நிரம்பிய கூடை காலடியில் கிடந்தது. அக்கா அதைத் தாண்டிப் போனாள், பின்னால் வந்தவர்களும் போனார்கள்.  பாதி உப்பைக் கொட்டிவிட்டு, முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து தோளில் ஏற்றி, நானே தூக்கினேன். ஒரு நடைக்கு இரண்டு நடை. அழுதேன்தான், அழுதுகொண்டே நடந்தேன். ஆனாலும் அந்தப் பாட்டிலைத் தருவதாக இல்லை.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். "திட்றத வண்டில ஏறித் திட்டு" என்றேன். ஏறினாள், மனசு நிறையத் திட்டினாள்.

டாக்டரம்மா அவள் கண்ணில் மஞ்சள் சாயம் தடவி நீல வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு வந்த நோய் இல்லை இது. ஏதோ துகள் கருவிழியில் கீறியிருந்தது. "நல்லவேளை, வேற யார் மருந்தும் விடல. இந்தக் கீறல்ல அடுத்தவங்க கிருமி எறங்கியிருந்தா புண்ணாகிப் பார்வையே போயிருக்கும்" என்று சொல்லி அவளுக்கென்று தனியாக மருந்து கொடுத்து, இரண்டு நாளில் திரும்ப வந்து காட்டச் சொன்னார்.

 கண் ஆறி அக்கா வேலைக்கு வருவதற்குள் என் ஏழு நாளும் முடிந்து, மிச்ச மருந்தை எல்லாரும் பார்க்க வரப்பில் கொட்டியிருந்தேன். கொழுப்பு என்றார்கள். சொல்லட்டும்.

அக்கா வந்த அன்று என் கூடைக்கு எதிரில் வந்து நின்றாள். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டாள்: "அந்தக் கண்ணு பொறவியிலியே அப்டியா?"

எதிர்வீட்டுப் பாட்டில் கதையைச் சொன்னேன். அவள் குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அன்னிக்கி உங்கம்மாகிட்ட எவளாவது ஒருத்தி தர மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்டி" என்றாள். தூக்கி என் தலையில் வைத்தாள்.