இருவாச்சியும் ஒன்பது நிர்வாகிகளும்

சம்பளம் வாங்குகிற வேலையில் மேலதிகாரி ஒருவர்தான். சம்பளமில்லாத சங்கத்தில் உறுப்பினர் அத்தனை பேரும் மேலதிகாரிகள். எங்கேயாவது செயலாளராக மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில், ஆலங்காயம் தபால் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே, ஜவ்வாது மலையில் பறவை பார்ப்பதற்கென்று ஒரு சங்கத்தையும் நடத்தத் தொடங்கினேன். புத்தி வேறு எங்கேயோ போயிருந்த காலம்.

ஆளுக்கொரு பதவி

தொடக்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். ரிடையரான தாசில்தார் தலைவர். ஸ்டுடியோ வைத்திருந்த குப்புராஜ் துணைத் தலைவர். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த பாஷா பாய் பொருளாளர். ஜீப்பும் அவருடையது, ஒவ்வொரு முறையும் அதில் வந்த பிரியாணியும் அவருடையது. நான் செயலாளர், அதாவது போஸ்ட் கார்டு எழுதுகிறவன். மீதி ஐந்து பேர் முகம் சுளிக்கக் கூடாதே என்று ஆளுக்கொரு அமைப்பாளர் பதவி கொடுத்தோம்.

மலையில் எங்களுக்கு வழிகாட்ட ஒத்துக்கொண்டவர் நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கும் சின்னக்கண்ணு. அவரிடம் நிர்வாகிகள் பட்டியலைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அல்லாரும் ஆபீசருங்க. அப்போ பட்சியப் பாக்கறது யாரு சார்?"

தீர்மானம்

முதல் நடையின்போது தலைக்கு மேல் ஒரு பெரிய பறவை வட்டமடித்தது. பருந்து என்றார் ஒருவர், கழுகு என்றார் இன்னொருவர். இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினோம். அதில் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தது. நிசப்தம் காக்கும்படி மலையே அதிரக் கத்திய தலைவர், விஷயத்தை ஓட்டுக்கு விட்டார். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது கழுகு என்று தீர்மானம் நிறைவேறியது. நானும் வெட்கமில்லாமல் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

சின்னக்கண்ணு அண்ணாந்து பார்த்தார்.

"எம் வூட்டுக் கோழிக்குஞ்ச தெனம் தூக்கினு போற பருந்து சார் அது. நீங்க கையத் தூக்குனா கழுகாயிடுமா?"

அடைபட்டவள்

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனிதர் எங்களை நம்பினார். தன் நிலத்து ஓரத்தில் இருந்த இலுப்பை மரத்துக்குக் கூட்டிப்போய், ஊரில் யாருக்கும் சொல்லாத ஒன்றைக் காட்டினார். பெரிய வளைந்த அலகுள்ள இருவாச்சிப் பறவையின் கூடு. பெட்டை பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு கீற்று விட்டிருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே எல்லாரும் பட்டினி.

"ஒரு பெண் ஜென்மத்தை இப்படியா அடைத்துவைப்பது!" என்று தலைவர் கண்கலங்கினார். பாஷா பாய் அவர் தோளைத் தட்டினார்.

"சாப், ஒங்க வூட்டம்மா சமையக்கட்ட வுட்டு வெளிய வந்து எத்தினி வருஷம் ஆச்சு?"

வெளிச்சம் போதாது

சங்க மலருக்கு அட்டைப்படம் வேண்டும். அடுத்த ஞாயிறு காலையிலேயே ஒன்பது பேரும் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துவிட்டோம். சின்னக்கண்ணு மலைச்சரிவின் மறுபக்கத்துக் கொல்லையில் வேலையாக இருந்தார். வெளிச்சம் போதவில்லை என்று குப்புராஜ் பொந்துக்கு முன்னால் இருந்த கிளையை வெட்டிப்போட்டார். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

ஆண் பறவை வாயில் அத்திப்பழத்தோடு வந்தது, எங்களைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. உச்சி வெயில் ஏறியபோது அது வருவதே நின்றுவிட்டது. பொந்தின் கீற்றில் அலகு நீண்டு நீண்டு உள்ளே போனது. "படம் விழாமல் நகரக் கூடாது" என்றார் தலைவர். எழுந்து போகலாம் என்று கெஞ்சினேன், ஒருவர் அசையவில்லை. கடைசியில், "கீழே ஜீப்பில் பிரியாணி ஆறிப்போகிறது" என்றேன். எட்டுப் பேரும் ஒரே மூச்சில் இறங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் வந்த சின்னக்கண்ணு வெட்டுப்பட்ட கிளையைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுவாரம் தனியாகப் போனேன். வரப்பிலேயே கைகாட்டி என்னை நிறுத்திவிட்டார். அந்தக் கிளையைக் கயிறு போட்டு மரத்தோடு கட்டியிருந்தார். இலை காய்ந்திருந்தாலும் மறைவு இருந்தது. "ஆண் வருதா?" என்று கேட்டேன்.

"வருது சார். நீங்கள்லாம் வர்றத நிறுத்துன மறுநாளே வந்துட்ச்சு."

பதினோரு வருடம் செயலாளராக இருந்து இயற்கைக்கு நான் செய்த ஒரே தொண்டு, எட்டுப் பேரைப் பிரியாணி சாப்பிட அனுப்பிவைத்ததுதான்.