கடைசி ஏற்றத்தில் தம்பி

பலகைக்கு இஸ்திரி போடுகிறவர்களை, ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டேன். எண்பதுகளின் நடுப்பகுதியில், எங்கடின் என்கிற பனிமலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் நான் துணி தோய்த்துக்கொண்டிருந்த காலம். மாரியில் அங்கே பனிச்சறுக்கு ஓட்டக்காரர் வந்து இறங்குவார்கள். மலையுச்சியில் இருந்து சறுக்கி வருகிற விளையாட்டு அல்ல இது. மேடும் பள்ளமுமாகப் பல மைல் தூரம், இரண்டு ஒடுங்கிய பலகைகளில் மூச்சு வாங்க வாங்க ஓடுவது. ஒரு கிழமை இங்கே, அடுத்த கிழமை இத்தாலி, பிறகு பின்லாந்து, பருவம் முடியும்போது நோர்வே. நானோ அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், கன்டோன் என்கிற அந்த மாகாணத்தின் எல்லையைத் தாண்டவே அனுமதி இல்லாத ஆள். அவர்கள் நாடு நாடாகப் போவதைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும்.

நோர்வே அணிக்கு மெழுகு பூசுகிறவர் ஊலா. என் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில்தான் அவருடைய மேசை. பனியின் குளிரை அளந்து, அதற்கேற்ற மெழுகைப் பலகையில் உருக்கி இஸ்திரி போடுவார். "இன்றைக்கு நல்ல குளிரோ?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டொச் மொழியில் கேட்டால், "மைனஸ் நாலு" என்பார். அவ்வளவுதான். அட கடவுளே, மனுசன் ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்!

மாசியில் அம்மா இறந்துபோனா. நெஞ்சுவலி, வெளியே ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. எனக்குத் தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றே மீசையை வழித்தேன். இளமையாகிவிட்டாய் என்று செஃப் சிரித்தான். எங்களில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பதுதான் வழக்கம். இளையவன், என் தம்பி ரவி, நோர்வேயில். அதனால் பெரியம்மாவின் மகன் வைத்தானாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன்னமாவது ரவிக்குத் தெரியவேண்டும், இருக்கிற இடத்தில் மீசையை வழித்து, தலை முழுகி, அம்மாவுக்கு ஒரு பிடி சோறாவது படைக்கவேண்டும் என்று கிடந்து துடித்தேன். ஆனால் அவன் அகதி முகாமை விட்டுப் போய்விட்டான். முன்பு போட்ட கடிதமும் திரும்பி வந்திருந்தது. வடக்கே ஒரு கடற்கரை ஊரில், மீன் ஃபாக்டரியில் நிற்கிறான் என்று மட்டும் கேள்வி. ஊரின் பெயரை ஊலாவிடம் சொன்னேன். ஊலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அது எனது ஊர். அடுத்த கிழமை வீட்டுக்குப் போகிறேன்."

எனக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது.

என்ன சொல்லி அனுப்புவது? சமையலறையில் வேலை செய்த செல்வம் அண்ணையிடம் கேட்டேன். "நேர செத்துப்போனா எண்டு சொல்லி விடாதை. பெடியன் தனிய நிக்கிறான், ஏங்கிப்போவான். அம்மாவுக்குக் கடும் சுகமில்லை எண்டு சொல்லிவிடு. அவன் விளங்கிக்கொள்ளுவான்."

"ஓம் அண்ணை, அதுதான் சரி" என்றேன். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவை அப்படித்தானே சொல்லுவோம்? கடல் தாண்டி 'கடும் சுகமில்லை' என்று வந்தால் எங்கள் ஆட்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை. குந்தியிருந்து அழுவார்கள். ஊலா அந்த வசனத்தை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு புறப்பட்டார்.

பங்குனியில், நோர்வேயில் நடக்கிற பருவத்தின் கடைசிப் போட்டிக்கு முதல்நாள், வரவேற்பு மேசைப் பெண் கீழே ஓடி வந்தாள்.

"ஊலா டெலிபோன் எடுத்தார். உங்கள் தம்பியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாராம்! அம்மாவுக்குக் கெதியில் சுகம் வரட்டும் என்றாராம் தம்பி. நாளைக்குப் போட்டி பார்க்க அவரையும் கூட்டி வந்திருக்கிறாராம். கடைசி ஏற்றத்தில் நிற்பார்கள், டெலிவிஷனைப் பாருங்கள்."

நம்பர் தந்தாரா என்று கேட்டேன். இல்லை, வீதியோரத் தொலைபேசியில் இருந்து கதைத்தாராம்.

"நல்ல செய்திதானே, ஏன் அழுகிறீர்கள்?" என்றாள் அவள்.

செல்வம் அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, வெள்ளைக்காரனிட்டை எல்லோ சொல்லி விட்டிட்டம்!" ரவியும் விடாமல் கேட்டிருப்பான், சுகமில்லை மட்டும்தானோ என்று. ஊலா ஓம் என்றிருப்பார். மைனஸ் நாலு என்றால் மைனஸ் நாலு. அவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? நான் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்த அந்த நல்ல மனுசனை என்னால் கோபிக்கவும் முடியவில்லை.

மறுநாள் தோய்த்த துவாய்களோடு விருந்தினர் மண்டபத்து டெலிவிஷனுக்கு முன்னால் நின்றேன். ஊரில் அன்றைக்குத்தான் அந்தியேட்டி. கடைசி ஏற்றத்தில் ஓட்டக்காரர் வாயில் நுரை தள்ள ஏறிக்கொண்டிருந்தார்கள். யார் முந்துகிறார்கள் என்று மற்றவர்கள் கத்தினார்கள்; நான் பாதைக் கரையில் நிற்கிறவர்களைப் பார்த்தேன். கம்பளித் தொப்பிகளுக்கிடையில் ஒரு கறுத்த முகம். என்ரை தம்பி! கனகாலத்துக்குப் பிறகு காண்கிறேன். கொஞ்சம் கொழுத்திருந்தான், அடர்த்தியாக மீசை விட்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தெரிந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு கை காட்டினான். துவாய்களை ஒரு கைக்கு மாற்றி, மீசை வழித்த முகத்தோடு நானும் கை காட்டினேன்.