றெஜினா அக்கா கண்டுபிடித்த வெளிச்சம்

றெஜினா அக்கா இறந்த செய்தியை எனக்கு யாரும் தொலைபேசியில் சொல்லவில்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அஞ்சலித் தாளில்தான் பார்த்தேன். 'மன்னாரைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸ் பொபினியை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்கு மைத்துனி என்று இருபது பெயர்கள் இருந்தன. அவர் என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. படத்தில் கழுத்து நிறைய நகை போட்டிருந்தார். அந்த நகைகளோடு நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை.

"தெரிஞ்ச ஆளோ அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஓம். என்னோடை வேலை செய்தவ."

"ஆ, கஞ்சாத் தோட்டத்திலையோ?" என்று சிரித்தார். எனக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கோடு நின்றவரும் சேர்ந்து சிரித்தார். "அங்கையிருந்து கலைச்சவங்கள் எண்டு கேள்வி. என்னத்தை எடுத்தவவோ, பாவம்."

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். யார் எப்போது என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பது எனக்கு வருடக்கணக்கில் மறப்பதில்லை. ஆனால் அந்தக் கதவடியில் என்மீதுதான் எனக்கு அதிக கோபம் வந்தது. அவரைத் தேவாலயத்திலும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாசலிலும் மட்டும் அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் எதையும் எடுக்கவில்லை. நடந்தது வேறு.

2009இன் கடைசியில் நான் இந்த நகரத்துக்கு வந்தேன். விவசாயத்தில் பட்டம் பெற்றவனுக்கு இங்கே கிடைத்த முதல் வேலை ஒரு ஹொட்டேலின் நிலக்கீழ் அறையில் படுக்கை விரிப்பு மடிப்பது. றெஜினா அக்கா மேல்மாடிகளில் அறை துப்புரவு செய்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் படித்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்கு அல்ல. "மாஸ்டர், ஷீட் மடிக்கிற பாடத்திலை உங்களுக்கு எத்தினை மார்க்ஸ்?" என்று எல்லோர் முன்னிலும் கேட்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். மதியம் தன் சோற்றில் பாதியை என் தட்டில் போட்டுவிட்டு மறுபடி கேட்பார்.

பல வருடங்களுக்குப் பிறகு, போதை தராத சணல் வகையின் பூவை வளர்த்து விற்கச் சட்டம் இடம்கொடுத்தது. செடியும் இலையும் பார்வைக்குக் கஞ்சாவேதான். பூ எண்ணெய்க்கும் தேநீருக்கும் போகும். பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் யன்னல் இல்லாத ஒரு பழைய களஞ்சியத்தை ஒரு நிறுவனம் எடுத்து, மின்விளக்கின் கீழ் அதை வளர்க்கத் தொடங்கியது. றெஜினா அக்கா அங்கே நிலம் கழுவப் போனார். மூன்று மாதத்தில் செடி பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். எனக்குச் செடிகளுக்கு உரமாகும் பசளை கலக்கும் வேலை. என் வதிவிட அட்டையை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் அட்டை வழங்கும் பிரெபெக்சர் அலுவலக வாசலுக்குப் போய்ப் பயனில்லை.

பூக்கும் காலம் எட்டு, ஒன்பது வாரம். அந்த வாரங்களில் செடி தன் குறையை இலையில்தான் காட்டும். காட்டிய பிறகு திருத்துவதற்கு அதிக நாள் இருக்காது. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு இஞ்சினியர் வருவார். அவரிடம் வண்ணப் படங்கள் போட்ட அட்டை ஒன்று இருந்தது. மஞ்சள் என்றால் இது குறைவு, விளிம்பு கருகினால் அது கூடுதல் என்று இலையைப் படத்தோடு ஒத்துப் பார்ப்பார். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். நான் என்ன படித்தவன் என்று அவர் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

றெஜினா அக்கா பார்க்கும் விதம் வேறு. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நோய்ச் செடியிடம் நேரே போகமாட்டார். அறையில் மிக நன்றாக இருக்கும் செடியிடம் முதலில் போய் நிற்பார். "நல்லாயிருக்கிறது எப்பிடி இருக்குமெண்டு ஒவ்வொரு நாளும் மறந்துபோகுது மாஸ்டர். அதைப் பாத்திட்டு வந்தால்தான் மற்றது தெரியும்" என்பார். பிறகு கீழ் இலை, நடு இலை, நுனி இலை. எது முதலில் மாறியது, எந்த மூலையில் மாறியது என்று பார்ப்பார். நான் நடுவில் ஏதாவது விளக்கத் தொடங்கினால், "இலை கதைச்சு முடிக்கட்டும், பிறகு நீங்கள் கதையுங்கோ" என்று நிறுத்திவிடுவார்.

ஒருமுறை நுனி இலைகள் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைவு என்றார் இஞ்சினியர். நானும் அதையே சொன்னேன். இரும்பு கூட்டினோம், மஞ்சளும் கூடியது. றெஜினா அக்கா ஓய்வறையிலிருந்து தேநீர்க் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் அடியில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பை எனக்குக் காட்டினார்.

"உந்தத் தண்ணிதானே அங்கையும் போகுது?"

"தண்ணியின்ரை காரத்தை நான் அளந்துதான் விடுறன் அக்கா. மீட்டர் சரியெண்டு காட்டுது."

"மீட்டரைக் கடைசியாக் கழுவினது ஆர்?"

யாரும் கழுவவில்லை. அதன் முனையிலும் அதே சுண்ணாம்பு. பசளையில் இரும்பு போதிய அளவு இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் வேரால் அதை எடுக்க முடியவில்லை. மீட்டரைக் கழுவி, தண்ணீரைத் திருத்திய பத்தாம் நாள் புதிய இலைகள் பச்சையாக வந்தன. இஞ்சினியர் தன் அறிக்கையில் 'திருத்தப்பட்டது' என்று எழுதினார். யாரால் என்று எழுதவில்லை.

இனி, அவர் வெளியேற்றப்பட்ட கதை.

இரண்டாம் அறையில் பூக்கும் காலத்தின் ஐந்தாம் வாரம். பூக்களுக்கு நடுவிலிருந்து விசித்திரமான இலைகள் முளைத்தன. இந்தச் செடியின் இலைக்கு ஐந்து, ஏழு விரல்கள் இருக்கும், விளிம்பு வாள்போல இருக்கும். இவற்றுக்கோ ஒரே விரல், வழவழத்த விளிம்பு, முறுக்கிய உடல். பூ வளர்வதை நிறுத்திவிட்டது. பசளையில் தழைச்சத்து மிஞ்சிவிட்டது, கலந்தவரின் தவறு என்று இஞ்சினியர் சொன்னார். நாங்கள் பிரெஞ்சு வழக்கில் 'மடம்' என்று அழைக்கும் மேலாளர் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருப்பதாகவும், புதுப்பிக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்றும் மிகவும் நாகரிகமாகச் சொன்னார். தலைமை அலுவலகம் எழுத்தில் காரணம் கேட்டிருக்கிறதாம்.

நான் என் கலவைக் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். றெஜினா அக்கா ஒரு மாப்பெட்டி அட்டையைக் கிழித்து அறையின் வரைபடம் கீறினார். கெட்ட செடி ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. ஒரு சுவரோரம் புள்ளடிகள் நெருக்கமாக விழுந்து, விசிறிபோல விரிந்து, தூரத்தில் இல்லாமல் போயின.

"ஒரே பானைச் சோறு மாஸ்டர்" என்றார். "ஒரு மேசைக்கு மட்டும் வயித்தாலை போகுதெண்டால் சமைச்சவனை ஏன் பிடிக்கினம்? இது பசளை இல்லை. வெளிச்சம்."

பூக்கும் காலத்தில் இந்தச் செடிக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் முழு இருட்டு வேண்டும். இருட்டின் நீளத்தைக் கொண்டுதான் பூக்கும் பருவம் இது என்று அது அறிகிறது. ஒரு சிறு ஒளி தொடர்ந்து பட்டால் குழம்பி, மறுபடி இலை விடத் தொடங்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையின் இருட்டுக்குப் பொறுப்பாக இருந்தவரே றெஜினா அக்காதான். பம்பின் பச்சைப் புள்ளி, ஈரமூட்டியின் நீலப் புள்ளி என்று மிளகளவு வெளிச்சத்தையும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர் அவர். அங்கே வெளிச்சம் இருக்க வழியில்லை என்று நான் நினைத்தேன்.

எங்கள் இரண்டாம் அறைக்கு இரவு என்பது மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த இருட்டுக்குள் போனார்.

"என்னத்தை அக்கா தேடுறம்?"

"வாயை மூடினால் கண் தெரியும்."

கால் மணிநேரம் நின்றிருப்போம். பிறகு சுவரோரச் செடிகளின் நுனியில் ஏதோ தெரிந்தது. சிவப்பு என்று சொல்லக்கூட முடியாத ஒரு மங்கல். அவர் சுவரைத் தடவிக்கொண்டே போய், காற்றுப் போகும் கம்பி வலையருகே நின்றார். வலைக்கு மறுபக்கம் நாங்கள் மேலங்கி கழற்றி மாட்டும் நடைபாதை. அங்கே ஒரு தட்டில் மாதா படம், பக்கத்தில் யாரோ வைத்த பிள்ளையார், முன்னால் மின்சாரத்தில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு. ஐந்து வாரத்துக்கு முன் முதல் பூ வந்த அன்று, பூ நன்றாக வர வேண்டும் என்று லாச்சப்பலில் வாங்கிவந்து அதை வைத்தவர் றெஜினா அக்கா.

"மாதாவே, நீங்களோ?" என்றார் மெதுவாக. இருட்டில் அவர் சிரிப்பது கேட்டது. "எல்லா லைட்டுக்கும் டேப் ஒட்டினனான் மாஸ்டர். உதை லைட்டெண்டே நினைக்கேல்லை."

நாங்கள் ஆறு தமிழர் அந்த நடைபாதையால் ஒவ்வொரு நாளும் போய் வந்தோம். ஒருவரும் நினைக்கவில்லை. நம் கடைகளில் எல்லா விளக்கையும் அணைத்துக் கதவை இழுத்துப் பூட்டிய பிறகும் கல்லாவுக்கு மேலே அது எரிந்துகொண்டிருக்கும். விளக்கை அணைக்க மறந்துவிட்டோம் என்று யாராவது சொன்னதுண்டா? சிவப்பு ஒளிதான் அந்தச் செடியை அதிகம் குழப்பும் என்று புத்தகத்தில் படித்த நான், சாமி கும்பிடாதவன் என்று பெருமை பேசும் நான், அதன் கீழேதான் தினமும் என் கோட்டை மாட்டினேன்.

விளக்கை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்போம் என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மாதம்தான் அவருக்கு நிரந்தர நியமனம் கிடைக்க இருந்தது. எனக்கு எட்டு நாள் மிச்சம் இருந்தது.

"மடமுக்கு ஒரு கடிதம் எழுதவேணும்" என்றார் வெளியே வந்ததும். "நான் தமிழிலை சொல்லுறன். நீங்கள் பிரெஞ்சிலை எழுதித் தாங்கோ."

எழுதினேன். 'நடைபாதையில் யாரோ வைத்திருந்த விளக்கின் ஒளி' என்று எழுதினேன். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அடுத்த நாள் காலை அதே தாளோடு வந்தார். ஓர் இடத்தில் பென்சில் கோடு இருந்தது. மகள் அனித்தா கீறியது.

"அனித்தா வாசிச்சுச் சொன்னவள். ஆர் மாஸ்டர் இந்த யாரோ?"

"பேர் போட்டால் உங்கட வேலை போகும் அக்கா."

"போடாட்டி ஆரின்ரை வேலை போகும்?"

நான் தாளை அவரிடமிருந்து வாங்கினேன்.

"நீங்களும் இஞ்சினியரும் ஆளைத் தேடினீங்கள். நான் காரணத்தைத் தேடினனான். கிடைச்சது நான் எண்டாப்போலை மாத்தி எழுதலாமோ?"

மாற்றி எழுதிக் கொடுத்தேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவரை அந்த வாரமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லாச்சப்பலில் கேட்டவர்களுக்கு "முழங்கால் ஏலாது" என்றார். என்னிடம் கேட்டவர்களுக்கு நானும் முழங்கால் என்றேன். முழங்காலை நம்பாதவர்கள் திருட்டு என்றார்கள். அது என் காதில் விழுந்தபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்.

அடுத்த வருடம், பூக்கும் காலத்தின் கடைசி வாரங்களில் மூன்று அறைகளிலும் பெரிய இலைகள் மஞ்சளாகின. இஞ்சினியர் இரண்டு தரம் பசளையை மாற்றச் சொன்னார். மேலாளர் என் மேசைக்கு வந்து, 'மடம் றெஜினா'வின் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை முடித்து, ஏப்ரனைப் பைக்குள் வைத்துக்கொண்டு றெஜினா அக்கா வந்தார். கைகளைக் கட்டியபடி மூன்று அறைகளையும் சுற்றினார். அரை மணிநேரம் எடுத்தது.

"நோய் ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ மாஸ்டர்" என்றார். "பூ முத்துது. இலையிலை இருக்கிறதை எடுத்துப் பூவுக்குக் குடுக்குது. பசளையை நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ."

மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பிரெஞ்சு பேசியதில்லை. அந்த அறுவடை நல்ல அறுவடை. அதற்குப் பிறகு அவரை நிரந்தரமாகவே எடுத்தார்கள். நோய்வாய்ப்படும் வரை அங்கேதான் இருந்தார். சம்பளத் தாளில் அவர் பெயருக்குக் கீழே 'பயிர்க் கண்காணிப்பாளர்' என்று இருந்தது. அஞ்சலித் தாள் அடித்தவர்களுக்கு அது தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் வரும் இஞ்சினியர் கடைசியில் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்ததை என் கண்ணால் கண்டேன். அந்தக் காட்சிக்காக அவரைக்கூட மன்னித்துவிட்டேன், பெரும்பாலும்.

றெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் பிரதி. 'விளக்கு என்னுடையது, வைத்தவள் நான்' என்ற வரிக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை என்னிடமே திருப்பித் தந்து, இன்னொரு வசனம் எழுதச் சொன்னார்: 'பசளை கலந்தவர் ஐந்து வாரமும் சரியாகவே கலந்தார்.' இந்த நாட்டில் என் வேலையைப் பற்றி எழுத்தில் இருக்கும் நல்ல வார்த்தை அது ஒன்றுதான். என்னைப் பற்றி என் கையாலேயே எப்படி எழுதுவது என்று நான் தயங்கினேன்.

"எழுதுங்கோ மாஸ்டர்" என்றார். "அதையும் நான் பாத்துத்தான் சொல்லுறன்."