பாலச்சந்திரன் அண்ணையின் முதுகு

பாலச்சந்திரன் அண்ணை ஒவ்வொரு கால்விரலாக விரித்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சுவிஸில், இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் சமையல், கழுவல் வேலை முடிந்து, நாங்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடும் நேரம். அவர் அசையமாட்டார். காலுக்கு ஒரு துவாய், உடம்புக்கு ஒரு துவாய். இரண்டையும் வேறு யாரும் தொடக்கூடாது.

"ஈரம் விட்டா, அவருக்கு நாங்களே வீடு குடுத்த மாதிரி," என்பார். 'அவர்' என்ற மரியாதை படர்தாமரைக்கு.

கொடுக்காமல் என்ன செய்வது? இரண்டு வருடம் ஆட்டிவைத்தவர் அல்லவா! சட்டி கழுவி நனைந்த ஏப்ரனுக்குள், இடுப்பில் சின்ன வட்டமாகத்தான் தொடங்கியது. ஊருக்குப் போய்வந்த ஒருவர் கிறீம் கொடுத்தார். நம்மவர் பெட்டிகளில் பனங்கிழங்குப் புழுக்கொடியலோடு சேர்ந்து வருமே, அந்தக் கிறீம். அரிப்பு அடங்கியது, வட்டமோ முதுகு முழுக்கப் படர்ந்தது. நம் கெட்டிக்காரர் இன்னும் இரண்டு டியூப் எடுப்பித்தார்.

கோயில் திருவிழாவில் வெறும் மேலோடு சுவாமியைத் தோளில் காவுகிற மனிதர் அவர். அந்த இரண்டு வருடமும் சட்டையோடு, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். "இந்த முதுகோடை இனிச் சாமி காவேலாது," என்று மனைவி சிவகலாவிடம் அழுதாராம்.

கடைசியில் போய்க் காட்டிய தோல் டொக்டர் செதிலைச் சுரண்டிச் சோதித்தார். கிறீமில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறது, அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும் என்றார். அதை நிறுத்தியதும் அரிப்பு முன்னையிலும் கூடியது. அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன மருந்தைச் சொன்ன நாள்வரை எடுத்தார். துவாயும் உள்ளுடுப்பும் படுக்கை விரிப்பும் அறுபது பாகைச் சுடுதண்ணீரில் தோய்ந்தன. தொற்றியிருக்குமோ என்று சிவகலாவையும் டொக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினார்.

"வெளியிலை மறைஞ்சிட்டுதெண்டு நிப்பாட்டினா, உள்ளுக்கை இருந்து சிரிப்பார். நான் ஒரு நாளும் தவறவிடேல்லை, தெரியுமோ?"

இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும். வரட்டுமே. கேட்கிற எனக்கே பெருமையாக இருக்கிறது.

இந்த வருடத் திருவிழாவில் சுவாமி எழும்பும் நேரம், அண்ணை உள்ளே வந்து சட்டையைக் கழற்றினார். படர்தாமரை போய்விட்டது, அது விட்டுப்போன கறுத்த அடையாளங்கள் மட்டும் முதுகில் இருந்தன. சிவகலா பதறிப்போய், "முதுகை மூடுங்கோவன்," என்று சால்வையை நீட்டினார்.

"ஓம், தாரும்," என்று அண்ணை வாங்கினார். அதை நாலாக மடித்துத் தோளில் வைத்து, அதன்மேல் காவுதடியை ஏற்றிக்கொண்டார்.