கண்ணாடியில் ஒட்டிய கேழ்வரகு

வத்தல்மலைக்கு அப்போது ரோடு கிடையாது. சரக்கு எல்லாம் கழுதை முதுகில்தான் ஏறும், இறங்கும். எங்களிடம் ஒரு கழுதை இருந்தது. ஒரு காது மடங்கியது. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. கடிகாரக்கார பாய் மலைக்கு வந்தது அந்தக் கழுதையின் மேல்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் தர்மபுரிச் சந்தைக்குத் தேன் கொண்டுபோவேன். புளி, நெல்லிக்காயும் இருக்கும். பாய் தேன் மட்டும்தான் வாங்குவார், அதுவும் கண்ணில் விட்டுக்கொள்ள. சந்தைத் தெருவில் அவருக்குக் கடிகாரம் ரிப்பேர் செய்கிற கடை. ஒரு கண்ணில் புரை முற்றிலும் மூடிவிட்டது, மற்றதிலும் படர ஆரம்பித்திருந்தது. சேலத்து டாக்டர், புரை முத்தினால்தான் அறுக்க முடியும், அதுவரை பொறுத்திரு என்று சொல்லிவிட்டாராம். கடையை மகன் பார்த்துக்கொண்டான். பாய் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு சந்தை நாளில், உங்கள் மலையில் மழைக்குப் பிறகு வானம் எப்படி இருக்கும் என்று கேட்டார். நட்சத்திர வெளிச்சத்திலேயே கீழே கொட்டிய உப்பைப் பொறுக்கலாம் போல இருக்கும் என்றேன். அடுத்த நடைக்கே என்னோடு கிளம்பிவிட்டார். மகன் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

அவர் கொண்டுவந்தது ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடி. எந்தக் காலத்திலோ நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்பார். எங்கள் சாமைக்காட்டுக் காவல் கொட்டாயில் அவருக்கு இடம் கொடுத்தோம். கவைக்கம்பு நட்டு அதில் தூரக்கண்ணாடியைக் கட்டினார்.

அவர் பார்க்க வந்தது நிலாவை இல்லை, பெரிய நட்சத்திரம் எதையும் இல்லை. ஒரு பொடி. வானத்தில் சுற்றுகிற கல் என்றார். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தூரக்கண்ணாடியில் பார்த்தாலும் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரங்களைப் போலத்தான் ஒரு புள்ளி. பத்து ஆடு நிற்கிற பட்டியில் எது நம் ஆடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றது எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும், இது மட்டும் தினம் கொஞ்சம் நகரும். அதுதான் அடையாளம். எந்த நாளில் எந்த இடத்தில் இருக்கும் என்று சீமையிலிருந்து வருஷா வருஷம் ஒரு புஸ்தகம் வருமாம். யுத்தம் வந்து அது நின்றுபோயிற்று. இனி அவரே பார்த்து இடம் குறித்தால்தான் உண்டு.

அது கொஞ்ச நாள் மேற்கே போகும், பிறகு நின்று கிழக்கே திரும்பும். திரும்புகிற அந்த இடத்தைப் பார்க்கத்தான் பாய்க்கு ஆசை. வருஷம் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த வாய்ப்பு வரும். ஒரு தடவை மழை கெடுத்தது, ஒரு தடவை வீட்டில் சாவு. இந்தத் தடவை விட்டால் கண் இருக்காது என்று சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கூலி எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார்.

அது ஏன் திரும்புகிறது என்று கேட்டேன். "தம்பி, உங்க கழுதைய நீங்க தாண்டி நடக்கறப்ப, அது பின்னால போற மாதிரி தெரியுதுங்களா? அது முன்னாலதான் போவுது. அந்த மாதிரிதான்" என்றார். எங்கள் கழுதை நிஜமாகவே பின்னால் போகும் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் கருக்கி, அந்த இடத்து நட்சத்திரங்களை எல்லாம் ஊசியால் புள்ளி குத்தி வைத்திருந்தார். பின்னால் விளக்கு வைத்தால் புள்ளிகள் மினுங்கும். அதன் மேல் இன்னொரு சுத்தமான கண்ணாடி. அதில் அந்தப் பொடி நின்ற இடத்தை மட்டும், சாயங்காலம் இருட்டினதும் பார்த்து, ஊசி முனையில் மை தொட்டு வைப்பார்.

கார்த்திகையில் சில நாள் அவரே வைத்தார். பிறகு முடியவில்லை. நான் பார்க்கலாம் என்றால், எனக்கு ஒரு கண்ணை மூடினால் மற்றதும் மூடிக்கொள்ளும். என் வீட்டுக்காரிதான் பார்த்தாள். சாமையில் கல் பொறுக்குகிற கண் அவளுக்கு. அவர் சொன்ன குறியை வைத்து அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். அவள் பார்ப்பாள், புள்ளி வைப்பாள். நான் விளக்குப் பிடிப்பேன். யுத்தத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் புள்ளி வைத்ததும் ஊதிவிடுவேன்.

மார்கழியில் சில நாள் பனிமூட்டம் எல்லாவற்றையும் மறைத்தது. மூட்டம் விலகின பிறகும் அவள் தொடர்ந்து புள்ளி வைத்தாள். ஒரு நாள் காலையில் பாய் கடிகாரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் செருகி, கண்ணாடியை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். புள்ளிகள் கோட்டில் இல்லை. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், மேய்கிற ஆடு போல. பார்த்துவிட்டு லென்ஸைத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

மூட்டத்தில் பொடி தவறிப்போயிற்று, தங்கச்சி வேறு வேறு நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறது, தங்கச்சி மேல் தப்பில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கழுதையைக் கட்டச் சொன்னார். என் வீட்டுக்காரி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

புறப்படும்போது எங்கள் கூரையில் படர்ந்த பூசணியைப் பார்த்தார். அந்த அளவுக்கு அவருக்குத் தெரிந்தது. அதில் ஒரு பிஞ்சு பூவோடு தொங்கியது. சங்கடத்தை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, விரலை நீட்டி, இது எப்போது முற்றும் என்று கேட்டார்.

"ஐயோ, வெரல நீட்டாதீங்க பாய். பிஞ்சு அழுவிப் போயிடும்" என்றாள் என் வீட்டுக்காரி.

எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிஞ்சைக் காட்ட வேண்டுமானால் விரலை மடக்கித்தான் காட்டுவோம். பாய் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "ஏம்மா, அந்தப் பொடிக்கும் அப்படியா?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதும் பிஞ்சுதானுங்களே. உங்க உசுரே அது மேலதான் இருக்குது. ஊசிய நேரா வெக்க எனக்கு மனசு வல்லீங்க. பக்கத்துல பக்கத்துலதான் வெச்சேன்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் கழுதையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"அப்ப நீ பாத்தது அதையேதானா?"

"அதேதானுங்க. அது எனக்குத் தவறுமா?"

மூட்டையை மறுபடி இறக்கினோம். ஊசி வேண்டாம், வேறு எதை வைத்தால் உனக்கு மனசு வரும் என்று அவளையே கேட்டார். விதை வைக்கலாம், விதை வைத்தால் எதுவும் கெடாது என்றாள். அன்றிலிருந்து கஞ்சியைத் தொட்டு ஒரு கேழ்வரகு. பழைய இடங்கள்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது, எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு தள்ளி என்று. மையை அழித்துவிட்டு அங்கேயும் கேழ்வரகு ஒட்டினாள். எறும்பு வராமல் இருக்கக் கண்ணாடியை ஒரு தண்ணித் தட்டுக்கு நடுவில், கல் மேல் வைத்தோம்.

தை பிறந்தது. பாய்க்கு இப்போது லென்ஸ் வைத்தும் எதுவும் தெரியவில்லை, விளக்கு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். தினம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்பார். மேற்கே, ஏரியூர்ப் பக்கம் என்பாள். பிறகு ஏரியூர்ப் பக்கம்தான், ஆனால் கொஞ்சமாக என்றாள். பிறகு சில நாள், அதே இடத்தில் நிற்கிறது என்றாள். கேழ்வரகு ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றது.

ஒரு சாயங்காலம் அவள் வெகுநேரம் தூரக்கண்ணாடியை விட்டு நகரவில்லை. பிறகு வந்து ஒரு கேழ்வரகை ஒட்டினாள். பாய் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"நான் சொல்ல மாட்டேங்க. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள்.

நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தேன். கடிகாரத்தில் முடி மாதிரி இருக்கிற கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பழகின விரல். முதல் கேழ்வரகிலிருந்து மெதுவாகப் போனார். இடைவெளி விட்டு, இடைவெளி குறைந்து, ஒட்டி ஒட்டி, பிறகு விரல் நின்றது. நின்ற இடத்திலிருந்து துளி கீழே இறங்கி, கிழக்கே, சித்தேரிப் பக்கம் ஒரே ஒரு கேழ்வரகு. அங்கே விரலை வைத்தவர் எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வந்தார். விளக்கை ஊத எனக்கு மனசு வரவில்லை, எண்ணெய் போனால் போகட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

"திரும்பிடுச்சும்மா" என்றார்.

"அழுவிப் போவாம இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குது. முத்திடுச்சு."

அவர் மலையை விட்டு இறங்கும்போது பூசணியும் முற்றியிருந்தது. அதைக் கழுதையின் ஒரு பக்கம் கட்டினேன். கண்ணாடியை என்னிடம் தரவில்லை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடிவாரம் வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தார். கழுதையும் அன்றைக்கு ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை.