நாற்பத்திரண்டாவது கேமரா

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 2008 ஆகஸ்ட்டில், எங்கள் மலையூர் பள்ளங்கியில், எங்கள் வீட்டு முன்னறையில் என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

என் பெயர் கதிர்வேல். அப்போது பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி எடுத்த போட்டோக்களைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் எங்கே நின்று எடுத்தது என்று எங்கள் புரோகிராம் தானே கண்டுபிடிக்கும். பிறகு அந்தப் பொருளைப் புள்ளி புள்ளியாக வரைந்துவிடும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். பொருள் மட்டும் அசையக் கூடாது. அசைந்ததெல்லாம் அழிந்துபோகும்.

ஜூலையில் லீலா அக்கா மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள். கேரட் காட்டில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவள். அடக்கத்தன்று எனக்கு ஆபீசில் டெமோ. நான் போகவில்லை. "பஸ் கெடைக்கலம்மா" என்று போனில் பொய் சொன்னேன்.

முப்பதாம் நாளுக்கு ஊருக்குப் போனபோது அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. சோற்றைப் போட்டாள், திரும்பிக்கொண்டாள். அக்காவைக் கம்ப்யூட்டரில் முழுசாகக் கொண்டுவந்து காட்டினால் பேசுவாள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம், தூக்குவதற்கு முன்னால் இறந்தவரை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று போட்டோ எடுப்பது வழக்கம். அன்றைக்குப் படம் எடுத்த ஸ்டூடியோ சுப்புராஜ் அண்ணனிடம் போய் சிடி கேட்டேன்.

"நாப்பத்தோரு படம் இருக்கு தம்பி. உசுரோட இருக்கையில ஒருநா கூட்டியாந்திருந்தா சிரிக்கச் சொல்லி எடுத்திருப்பேன்."

குத்தல்தான். சிடியை வாங்கிவந்தேன். எல்லாப் படத்திலும் அக்காவின் கண் பாதி திறந்திருந்தது.

மதியம் 3.20. வெளியே மஞ்சு இறங்கி எதிர்வீடே மறைந்துவிட்டது. தகரக் கூரையில் டொக்... டொக்... என்று சொட்டும் சத்தம். அம்மா பின்கட்டில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். லேப்டாப்பில் புரோகிராமை ஓட விட்டேன்.

3.50-க்கு அக்கா வந்தாள். புள்ளிகளாக. நாற்காலி, மாலை, நெற்றிக் காசு. சுற்றி நின்ற ஒருவரும் இல்லை. அழுதவர்கள் அசைந்திருப்பார்கள்.

கேமரா நின்ற இடங்களை, படத்துக்கு ஒன்றாக, சின்ன முக்கோணங்களாகத் திரை காட்டும். எண்ணினேன். நாற்பத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு.

நாற்பத்தொன்று அக்காவைச் சுற்றி நின்றன. ஒன்று மட்டும் அக்காவின் முகத்துக்குள் இருந்தது. வெளியே பார்த்தபடி.

ஒரு முக்கோணத்தை அழுத்தினால் அங்கிருந்து தெரிவதைத் திரை காட்டும். அழுத்தினேன்.

படம் மெதுவாகத் திரும்பியது... வாசல்... வேலி... மூங்கில் படல் கதவு...

படலுக்கு வெளியே புள்ளிகள் சேர்ந்தன. ஒரு ஆள். கழுத்தில் நீலப் பட்டை. எங்கள் ஆபீஸ் அடையாள அட்டை.

முகம் சேர்ந்தது.

நான்.

போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். படல் பக்கம் காலி. எல்லாவற்றிலும்.

4.10. பின்னால் முறம் விழுந்தது.

அம்மா. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடித்தான் நின்ன" என்றாள்.

"என்னம்மா?"

"ஏலே, பஸ் கெடைக்கலன்னா சொன்ன? எங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு? படலு வரைக்கும் வந்தியே. மாடசாமி மாமா கூப்புடக் கூப்புட மரமாட்டம் நின்னியே. அதுவரைக்கும் மூடாத அவ கண்ணு, உன்னையப் பாத்த பெறகுதான மூடுச்சு! திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். அக்காளத் தூக்க ஒரு கை குடுக்க மனசு வரலையாடா?"

அந்த நேரத்தில் நான் பெங்களூரில் இருந்தேன். முப்பது பேர் முன்னால் டெமோ காட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பயமா இருந்துச்சும்மா... மன்னிச்சிரு" என்றேன்.

கிட்டே வந்தாள். தலையைத் தடவினாள். "வந்தியே... அது போதும்டா" என்றாள்.

நான் வரவே இல்லை.