ஒட்டுத் தெரியாத கை

வலது கை பிஸ்கட் பொட்டலத்துக்குள். கண்கள் மூடியிருக்கின்றன. காதில் தேங்காய் மூடி அளவுக்கு ஹெட்போன். எதிரே திரையில் ஓர் அமைச்சர் பேசிக்கொண்டே இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள், மனுஷன் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். திடீரென்று பொட்டலத்துக்குள் இருக்கும் கை நின்றுவிடும். "மாட்டிக்கிச்சு!" என்பார். நாளைக்கு ஊரை இரண்டாக்கப் போகிற இருபது விநாடி சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் செய்திச் சேனலில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கத்தரி'. தலைவர்களும் நட்சத்திரங்களும் மேடையில் பேசுவதைக் கைபேசிக்கு ஏற்ற துண்டுகளாக நறுக்கிக் கொடுப்பது வேலை. "நீட்டி முழக்குறது அவங்க பொழப்பு, நறுக்குறது நம்ம பொழப்பு" என்பார். நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால், "கத்தரிக்கு ஏதுங்க கட்சி? எந்தத் துணிய வெச்சாலும் வெட்டும்." இதில் பொய் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் அவரைப் பாரபட்சமில்லாமல் திட்டுகிறார்கள்.

தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். பேசுகிறவர் 'ஆனா' என்று மூச்சிழுப்பதற்கு மயிரிழை முன்னால் வெட்ட வேண்டும். "ஆனாவுக்கு அப்புறம் எவனும் கேக்க மாட்டான்" என்பது அவர் சித்தாந்தம். வெட்டிய இரண்டு நுனிகளை ஒட்டுவதிலும் கை தேர்ந்தவர். "என் ஒட்டக் கண்டுபிடிக்கிறவன் இனிமேதான் பொறக்கணும்" என்று சொல்லும்போது மட்டும் குரலில் லேசாகக் கர்வம் ஏறும்.

தொழில் வீடு வரைக்கும் தொற்றிவிட்டது. போன மாதம் மருத்துவர், "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா உப்பக் குறைக்கணும்" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். விஷயம் மாத்திரைச் சீட்டைப் பார்த்த மனைவிக்குத் தெரிந்து, "ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று பிடித்தபோது, "அவர் சொன்னதத்தானே சொன்னேன்? நானா ஏதாவது சேத்தேனா?" என்று கேட்டார். சேர்க்கவில்லைதான்.

இப்படி ஊரார் பேச்சையெல்லாம் நறுக்கியவர், ஒருநாள் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார்.

பெரிய நடிகர் ஒருவர் அரசியலுக்கு வந்திருந்தார். ஊர் ஓரத்துச் சிமெண்ட் ஆலையைப் பற்றி மேடையில், "அந்த ஆலைய மூடுற அன்னைக்கு மொதல்ல கைதட்டுறவன் நானாத்தான் இருப்பேன்" என்றார். மூச்சு வாங்கினார். "ஆனா, அங்க வேல செய்யுற கடைசி ஆளுக்கும் வேற வேல குடுத்த பிறகுதான்" என்றார். பிஸ்கட் கை முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் அந்தக் கைதட்டல் இல்லாத கைபேசி ஊரில் இல்லை.

கத்தரியின் அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்த நடிகர் படம் மாட்டாத சுவர் அவர் கடையில் கிடையாது. மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், அந்தச் சிமெண்ட் ஆலையில் மூட்டைப் பிரிவைக் கவனிப்பவர். இருவரும் நகமும் சதையுமாக, ஞாயிறு தவறாமல் கத்தரி வீட்டுக் கூடத்தில் கேரம் ஆடியவர்கள். "உன் தலைவனுக்குக் கைதட்ட என் சோறுதான் கெடச்சுதா?" என்று ஒருவர் கேட்க, "உங்க ஆலத் தூசியத் தின்னுட்டுச் சாகணுமா நாங்க?" என்று மற்றவர் எகிற, ஆட்டம் பாதியில் நின்றது. அதன்பின் ஒருவர் காலையில் வருவார், மற்றவர் மாலையில். மச்சான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போயிற்று, அண்ணன் வீட்டைத் தவிர.

அன்றுதான் கத்தரி மனைவியிடம் வாயைத் திறந்தார். "அந்தத் துண்ட வெட்டுனது நான்தான்." அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. "முழுப் பேச்சையும் எடுத்துட்டு வாங்க" என்றார். "ரெண்டு பேருக்கும் போட்டுக் காமிங்க."

அடுத்த ஞாயிறு, ஆளுக்கொரு பொய் சொல்லி இருவரையும் ஒரே நேரத்துக்கு வரவழைத்தார் மனைவி. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கத்தரி பென் டிரைவைச் செருகி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சை வெட்டாமல் ஓடவிட்டார். நடிகர் கைதட்டப் போவதாகச் சொன்னார். மூச்சு வாங்கினார். 'ஆனா' வந்தது. கடைசி ஆளுக்கும் வேலை வந்தது.

அண்ணன்தான் முதலில் பேசினார். "எங்க தலைவர் சொன்னா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு சொல்லுவாரு. இப்படி வழவழன்னு பேசவே மாட்டாரு. டேய், நீதானே ஒட்டியிருக்கே?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் மச்சான்" என்றார் மச்சான், தன்னையறியாமல். "பின்பாதியில குரலே வேற மாதிரி இருக்கு."

"வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஒட்டத் தெரியாதா?"

இருவரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்கள். திரும்ப ஓடவிட்டார்கள். சட்டைக் காலரைப் பார் என்றார் ஒருவர், நிழலைப் பார் என்றார் மற்றவர். தோளோடு தோள் இடித்தது. "நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெக்க எவ்வளவு மெனக்கெட்டிருக்கான், பாவம்" என்றார் அண்ணன். "அவரு மெனக்கெடுற வரைக்கும் விட்டேனே. நான்ல வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கணும்" என்றார் மச்சான். "நாளைக்கே பத்திரிகையோட வர்றேன் மச்சான்."

கத்தரிக்கு அழுகை வரும்போல் இருந்தது. இத்தனை வருஷத்தில் கத்தி படாமல் அவர் காட்டிய ஒரே பேச்சு அது. "அய்யய்யோ, இது அசலு..." என்று வாயெடுத்தார். சமையலறை வாசலிலிருந்து மனைவி பார்த்த பார்வையில் மீதி தொண்டையிலேயே நின்றது.

"எந்த எடத்துலடா ஒட்டுன? எங்களுக்குப் பிடிபடல. நீயே காமி" என்றார் அண்ணன்.

அவர் எழுந்து போனார். படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி நிறுத்தினார். நடிகர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒட்டே இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதான்" என்றார்.